நாழிகை வழியும் வான் வழியும்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜூன் மாதத்தில், தென்காசியில் என் மூத்த சகோதரி காலமானார். விடியற்காலையில் சென்னையில் இருந்த அவரது இளைய மகனுக்குத் தகவல் சொன்னோம். "மாலைக்குள் வந்துவிடுவேன் மாமா" என்றான். பயண இணையதளம் ஒன்றில் தென்காசிக்கு அருகிலுள்ள விமான நிலையம் எது என்று தேடியிருக்கிறான். திருவனந்தபுரம், 68 கி.மீ. என்று முதல் வரியில் வந்திருக்கிறது. பயண நேரம் ஒன்றரை மணி. அதற்கு அடுத்த வரியை அவன் பார்க்கவில்லை. அந்த மனநிலையில் யார்தான் பார்ப்பார்கள்?

பகல் 12.30 மணிக்கு அவன் தரையிறங்கினான். இரண்டரை மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பது அவன் கணக்கு. நெடுமங்காடு, பாலோடு, குளத்துப்புழை, தென்மலை, ஆரியங்காவு என்று மலையைச் சுற்றி, சாரல் மழையில் சரக்கு லாரிகளின் பின்னால் ஊர்ந்து, புளியரை வளைவுகளை இறங்கி அவன் தென்காசி வந்து சேர்ந்தபோது மாலை 5 மணி. மழை வலுக்கும் என்று அஞ்சிய ஊர்ப் பெரியவர்கள், மூத்த மகன் இருக்கிறானே என்று சொல்லி, 4.15-க்கே எடுத்துவிட்டார்கள். அவன் காரிலிருந்து இறங்கி நேரே சிற்றாற்றங்கரைக்குத்தான் வந்தான். "68 கிலோமீட்டர்தானே என்று நினைத்தேன் மாமா" என்று மட்டும் சொன்னான்.

அந்த 68 கி.மீ. பொய்யான எண் அல்ல. தென்காசிக்கும் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் இடையே பறவை பறக்கும் நேர்க்கோட்டுத் தொலைவு அவ்வளவுதான். சாலை வழியே அது ஏறத்தாழ 110 கி.மீ. அதே கணக்கில், தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையம் நேர்க்கோட்டில் 82 கி.மீ.; சாலையில் திருநெல்வேலி வழியாக ஏறத்தாழ 90 கி.மீ. மதுரை விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 130 கி.மீ.; சாலையில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகச் சுமார் 150 கி.மீ. சாலைத் தொலைவை நேர்க்கோட்டுத் தொலைவால் வகுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். தூத்துக்குடிக்கு 1.1, மதுரைக்கு அதைவிடச் சற்றே அதிகம், திருவனந்தபுரத்துக்கு 1.6. இடையில் நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. குற்றாலத்துக்கு அருவியைத் தரும் அதே மலைதான் கோட்டை வளைக்கிறது. வரைபடத்தில் மிக அருகில் இருக்கும் விமான நிலையம், வண்டிச் சக்கரத்துக்கு அருகில் இல்லை.

நம் முன்னோர் இந்தத் தவற்றைச் செய்யவில்லை. தமிழில் 'நாழிகை வழி' என்றொரு அளவு உண்டு. ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், ஒருவர் நடந்து கடக்கும் தொலைவு அது. தொலைவையே நேரத்தால் அளந்த சொல். மேடு, பள்ளம், ஆறு, காடு எல்லாம் அந்த அளவுக்குள் தாமாகவே அடங்கிவிடும். இன்று நாம் கிலோமீட்டரைத் தனியாகவும் நேரத்தைத் தனியாகவும் பிரித்துவிட்டோம். பிரித்ததில் தவறில்லை, ஒன்றைக் காட்டி மற்றொன்றை ஊகிக்கச் சொல்வதில்தான் தவறு நேர்கிறது.

இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தொலைவு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை முதலில் பார்ப்போம். பூமி உருண்டை என்பதால் அதன் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய பாதை ஒரு பெருவட்டத்தின் வில். இரு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால் பள்ளிக்கூட முக்கோணவியலைக் கொண்டே இதைக் கணக்கிட்டுவிடலாம். மாலுமிகளும் விமானிகளும் கடல் மைலைப் பயன்படுத்துவதற்கும் இதுவே காரணம். அட்சரேகையில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு கடல் மைல். நம் கணக்கில் 1.852 கி.மீ. இந்த முறைப்படி சென்னையிலிருந்து மதுரை சுமார் 417 கி.மீ.; தூத்துக்குடி 527 கி.மீ.; திருவனந்தபுரம் 613 கி.மீ. மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே 200 கி.மீ.கூட இல்லை. தூத்துக்குடியிலிருந்து திருவனந்தபுரமும் மதுரையும் ஏறக்குறைய சம தொலைவில், 125 கி.மீ. அளவில் இருக்கின்றன. தென்காசி இந்த மூன்று விமான நிலையங்களுக்கும் நடுவே கிடக்கிறது.

இனி நேரம். இங்குதான் பலருக்கும் வியப்பு. சென்னையிலிருந்து தூத்துக்குடியைவிடத் திருவனந்தபுரம் 86 கி.மீ. கூடுதல் தொலைவில் இருக்கிறது. ஆனால், கால அட்டவணையில் இரண்டுக்கும் ஏறக்குறைய அதே ஒன்றரை மணி நேரம்தான். காரணம் வானூர்தியின் வகை. வாகைக்குளத்தில் நீண்ட காலம் இருந்தது 1,350 மீட்டர் ஓடுபாதைதான். அதில் இறங்கக்கூடியவை ஏடிஆர் போன்ற, சுழல்விசிறி பொருத்திய சிறு விமானங்கள். அவற்றின் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவில். திருவனந்தபுரத்துக்குச் செல்லும் ஜெட் விமானங்கள் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறப்பவை.

ஜெட் விமானம் 613 கி.மீ.யை முக்கால் மணி நேரத்தில் கடந்துவிட வேண்டுமே, ஒன்றரை மணி ஏன் என்று கேட்கலாம். மாணவர்களுக்கு நான் நிலைச் செலவு, மாறும் செலவு என்று பாடம் நடத்தியது நினைவுக்கு வருகிறது. ஓர் ஆலை ஒரு பொருளை உற்பத்தி செய்தாலும் ஆயிரம் பொருளை உற்பத்தி செய்தாலும் கட்டட வாடகை மாறாது. விமானப் பயணத்திலும் அப்படி ஒரு வாடகை உண்டு. நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதைக்கு ஊர்வது, முறைக்குக் காத்திருப்பது, எழும்பித் திசை திரும்புவது, இறங்கும் முன் வேகத்தைக் குறைத்து ஓடுபாதைக்கு நேராக வருவது, மீண்டும் ஊர்வது. இவையெல்லாம் 400 கி.மீ. பயணத்துக்கும் 2,000 கி.மீ. பயணத்துக்கும் ஏறக்குறைய ஒன்றே; அரை மணி நேரத்தைத் தாராளமாக விழுங்கும். எனவே, குறுகிய தொலைவுப் பயணத்தில் விமானத்தின் சராசரி வேகம் பரிதாபமாகக் குறைந்துவிடுகிறது. 527 கி.மீ.க்கு ஒன்றரை மணி என்றால் சராசரி மணிக்கு 350 கி.மீ.தான்.

பயணச் சீட்டில் அச்சிடப்படும் நேரம் வானில் பறக்கும் நேரமும் அல்ல. புறப்படும் இடத்தில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுப்பது முதல், சேரும் இடத்தில் மறுபடியும் கட்டை வைப்பது வரையிலான நேரம் அது. அதற்கு மேலும் விமான நிறுவனங்கள் சில நிமிடங்களைச் சேர்த்துத்தான் அட்டவணை போடுகின்றன. குறித்த நேரத்தைவிடக் கால் மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் அது உரிய நேரத்தில் வந்த விமானமாகக் கொள்ளப்படும் என்பதே உலக வழக்கம். "இருபது நிமிடம் முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டோம்" என்று அறிவிப்பு வரும்போது பயணிகள் மகிழ்கிறார்கள். முன்கூட்டியே நம்மிடம் வாங்கி வைத்த இருபது நிமிடத்தைத் திருப்பித் தருகிறார்கள், அவ்வளவுதான்.

கடையநல்லூர், புளியங்குடி பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்றிருக்கும் குடும்பங்களுக்கு வேறொரு குழப்பம் உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து துபை சுமார் 2,950 கி.மீ. அதிகாலை 4.30-க்குப் புறப்பட்ட விமானம் துபை நேரப்படி 7 மணிக்கு இறங்கினால், இரண்டரை மணி நேரப் பயணம் என்று தோன்றும். துபை கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. உண்மையான பயணம் நான்கு மணி நேரம். திரும்பும்போது அதே கடிகாரம் ஒன்றரை மணியைக் கூட்டிக் காட்டும்.

போகும் நேரமும் வரும் நேரமும்கூட ஒன்றாக இருப்பதில்லை. காற்று அதைத் தீர்மானிக்கிறது. இதில் தென்காசிக்காரர்கள் ரசிக்கத்தக்க செய்தி ஒன்று இருக்கிறது. சாரல் காலத்தில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து நம் முகத்தில் அடிக்கும் காற்றைத்தான் நாம் அறிவோம். அதே நாள்களில், அதே வானத்தில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே காற்று நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே விரைந்து கொண்டிருக்கும். வெப்பமண்டலக் கீழைத் தாரைக் காற்று எனப்படும் இதை 1950-களில் ஆராய்ந்து உலகுக்கு விளக்கியவர் பி.கோட்டீஸ்வரம்; பின்னாளில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமை இயக்குநராக இருந்தவர். குற்றாலத்தில் நாம் குளித்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே வளைகுடா நோக்கிப் போகும் விமானத்தை அந்தக் கீழைக் காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. குளிர்காலத்தில் வட அட்சரேகைகளில் மேலைக் காற்று வலுத்து, துபையிலிருந்து வருபவர்களுக்கு உதவுகிறது.

ஆனால், இவையெல்லாம் பத்து, இருபது நிமிட வேறுபாடுகள். உண்மையான இழப்பு தரையில் நிகழ்கிறது. சென்னையில் அண்ணா நகரில் வசிக்கும் ஒருவர் தென்காசிக்கு விமானத்தில் வருவதாகக் கொள்வோம். வீட்டிலிருந்து மீனம்பாக்கத்துக்கு ஒரு மணி நேரம். சோதனைகளுக்காக ஒன்றரை மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். பயணம் ஒன்றரை மணி. இறங்கிப் பெட்டியை எடுத்து வெளியே வர அரை மணி. வாகைக்குளத்திலிருந்து தென்காசிக்கு இரண்டு மணி. ஆறரை மணி நேரம் ஆயிற்று. இதில் அவர் உண்மையில் பறந்தது ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கைவிடச் சிறிதே கூடுதல்.

இதோடு இன்னொரு நேரத்தையும் சேர்க்க வேண்டும். அது எந்தச் சீட்டிலும் அச்சிடப்படுவதில்லை. நாளொன்றுக்கு நான்கே விமானங்கள் இருந்தால், நாம் புறப்பட விரும்பும் நேரத்துக்கும் விமானம் புறப்படும் நேரத்துக்கும் இடையே சராசரியாக இரண்டு மணி நேரமாவது வேறுபாடு இருக்கும். பத்து விமானங்கள் இருந்தால் அது ஒரு மணிக்கும் கீழே போய்விடும். பொருளியலில் இதைப் பயணத்தின் மறைமுக விலையில் சேர்ப்பார்கள். தொலைவில் இருக்கும் பெரிய விமான நிலையம் அருகில் இருக்கும் சிறிய விமான நிலையத்தைப் பல நேரங்களில் வென்றுவிடுவதன் இரகசியம் இதுவே. தென்காசிக்காரர் மதுரை வரை போய் விமானம் ஏறுவதைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டியதில்லை.

இரவு ரயிலோடு ஒப்பிட்டால் கணக்கு இன்னும் சுவையானது. சென்னை எழும்பூரிலிருந்து பொதிகை விரைவு ரயில் ஏறத்தாழ 660 கி.மீ. கடந்து, ஏறத்தாழ 11 மணி நேரத்தில் தென்காசிக்கு வந்துவிடுகிறது. கடிகாரப்படி விமானம் நான்கைந்து மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது. ஆனால், 1965-இல் கேரி பெக்கர் நேரப் பங்கீடு குறித்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்குப் பின், எல்லா மணி நேரமும் ஒரே விலையுடையது அல்ல என்பது பொருளியலில் அடிப்படைப் பாடம். ரயிலில் போகும் 11 மணி நேரத்தில் எட்டு மணி நேரம் எப்படியும் தூங்கியிருக்க வேண்டிய நேரம். விமானம் எடுத்துக்கொள்ளும் ஆறரை மணி நேரமோ பகலின் நடுப்பகுதி. வேலை நாளில் பாதியை எடுத்துக்கொள்வது விமானம்தான்; ரயில் அல்ல. அவசரம் வேறு, துக்க வீட்டுக்கு இரவு வரை காத்திருந்து யாரும் வர முடியாது. ஆனால், அவசரமில்லாத பயணத்துக்கு விமானம்தான் விரைவானது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல இயலாது. டி.கே.சி.யைப் பார்க்க ராஜாஜியும் கல்கியும் குற்றாலம் வந்த காலத்தில் நேரத்தைப் பற்றி யாரும் இப்படிக் கணக்குப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

தென்காசி 2019 நவம்பர் 22 முதல் தனி மாவட்டம். மாவட்டத் தலைநகர் ஆனபின் எங்களுக்கும் விமான நிலையம் வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. ஆனால், மத்திய அரசின் 2008-ஆம் ஆண்டுக் கொள்கை, ஏற்கெனவே உள்ள விமான நிலையத்திலிருந்து 150 கி.மீ. வான்வழித் தொலைவுக்குள் புதியதொன்றைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. அதையும் மீறி வேண்டுமென்றால், பழைய விமான நிலையத்தைப் புதியது எவ்வளவு பாதிக்கும் என்று தனியே ஆராய வேண்டும். தென்காசியைச் சுற்றி 150 கி.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்தால் மூன்று விமான நிலையங்கள் அதற்குள் விழுகின்றன. மலையை அறியாத அதே நேர்க்கோட்டு அளவுதான் இங்கும் அளவுகோல். மலைப் பகுதிகளுக்காவது சாலைப் பயண நேரத்தை அளவுகோலாக வைத்திருக்கலாம் என்பது என் கருத்து. அப்படி வைத்தாலும் தென்காசிக்கு விமான நிலையம் தேவைப்படாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். திருநெல்வேலி வழியாகச் சமவெளிச் சாலையில் இரண்டு மணி நேரத்தில் ஒரு விமான நிலையம் இருக்கிறது. கட்டடமும் ஓடுபாதையும் மட்டும் விமானத்தைக் கொண்டுவந்துவிடாது என்பதற்குச் சேலமே சான்று. 'உடான்' திட்டத்தில் 2018-இல் அங்கு வந்த சென்னை விமானம் 2021-இல் நின்றுபோய், 2023 அக்டோபரில்தான் மீண்டும் விமானச் சேவை தொடங்கியது.

வாகைக்குளம் இப்போது வளர்ந்திருக்கிறது. 2025 ஜூலை 26-ஆம் தேதி பிரதமர் அங்கு 17,340 சதுர மீட்டர் பரப்பில் புதிய முனையத்தைத் திறந்துவைத்தார். விரிவாக்கத் திட்டத்தில் ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. இனி ஜெட் விமானங்கள் வழக்கமாக வந்தால், சென்னைப் பயணம் ஒன்றரை மணியிலிருந்து ஒன்றேகால் மணிக்கும் கீழே குறையலாம். பெரும் பணம் செலவிட்டு வானில் ஈட்டப்போகும் நேரம் ஏறத்தாழ இருபது நிமிடம். அதிக விமானங்களும், பெரிய விமானங்களால் குறையக்கூடிய கட்டணமும் அதன் கூடுதல் பயன்கள். அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால், அந்த இருபது நிமிடத்தைத் தரையில் இழப்பது மிக எளிது. விமானம் இறங்கும் நேரத்தை ஒட்டி வாகைக்குளத்திலிருந்து திருநெல்வேலி வழியாகத் தென்காசிக்குப் பேருந்து புறப்பட வேண்டும். விமானம் தாமதமானால் அதுவும் காத்திருக்க வேண்டும். வாடகைக் காருக்குக் கொடுக்கும் தொகை சில நாள்களில் விமானக் கட்டணத்தையே எட்டிப் பிடிக்கிறது. நடுத்தரக் குடும்பத்தில் நால்வர் என்றால் தாங்கலாம், தனியாக வருபவர் என்ன செய்வார்? அகலப்படுத்தப்பட்ட திருநெல்வேலி - தென்காசி சாலை இருக்கிறது. திருநெல்வேலி - தூத்துக்குடி தேசிய நெடுஞ்சாலை விமான நிலைய வாசலைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஓடுபாதையில் ஒரு மீட்டரைக்கூட நீட்டாமல் அரை மணி நேரத்தையோ ஒரு மணி நேரத்தையோ குறைக்கக்கூடிய செலவு, இரண்டு மூன்று பேருந்துகளின் செலவுதான். குற்றாலச் சீசன் மாதங்களில் மட்டுமாவது இதைத் தொடங்கிப் பார்க்கலாம். இடங்கள் நிரம்புகின்றனவா என்பது ஒரே பருவத்தில் தெரிந்துவிடும்.

இணையதளங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அருகிலுள்ள விமான நிலையம் என்று காட்டும்போது நேர்க்கோட்டுத் தொலைவை வைத்து வரிசைப்படுத்த வேண்டாம். சாலைத் தொலைவும் அன்றைய பயண நேரமும் அவர்களிடமே இருக்கின்றன. ஆரியங்காவு மலைப்பாதையில் மழை நாளில் ஆகும் நேரத்தை முதல் வரியில் போட்டிருந்தால், என் மருமகன் அடுத்த வரியையும் படித்திருப்பான்.

இவ்வாண்டு அம்மாவின் திதிக்கு வரப்போவதாகச் சென்ற வாரம் தொலைபேசியில் சொன்னான். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கவில்லை. "காலை விமானத்தில் வாகைக்குளத்தில் இறங்கினால் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வரலாம் மாமா?" என்றான். மதியச் சாப்பாட்டுக்கு முன் வந்துவிடலாம் என்றேன். சனி, ஞாயிறாக இல்லாமல் பார்த்துக்கொள், சாரல் தொடங்கிவிட்டது, குற்றாலத்துக்கு வரும் கார்கள் பாவூர்சத்திரத்திலிருந்தே வரிசை கட்டி நிற்கும் என்றும் சொல்லி வைத்தேன்.